சுகிர்தபாய் ‘கொள்ளாம்’ சொல்லாத படம்

குடும்ப வரலாற்றில் சுகிர்தபாயின் பெயருக்கு நேரே “ஜெயதாசின் மனைவி, தையல்” என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை வரைக்கும், மேற்கே பொழியூர்க் கடற்கரை வரைக்கும், அந்நாளில் யாரைக் கேட்டிருந்தாலும் அவரைப் பற்றி முதலில் சொல்லியிருக்கக்கூடியது வேறொன்று. கொட்டகைக்கு வந்திருக்கும் படத்துக்குப் போகலாமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர். அந்தத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.

சுகிர்தபாய் பிறந்தது திருப்புறத்தில், ஓர் உபதேசியாரின் வீட்டில். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்குழம்போடு அன்றைய பிரசங்கமும் இலைக்கு வரும். போதகர் முதல் தலைப்பில் நன்றாகத் தொடங்கினார், இரண்டாவதில் கதை சொன்னார், மூன்றாவதில் வழி தெரியாமல் சுற்றினார், ‘ஆமென்’ கண்ணில் பட்டதும் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார் என்று வீட்டிலுள்ள எல்லோரும் பிரித்துப் போட்டுப் பேசுவார்கள். இதில் அவமரியாதை என்று யாரும் நினைத்ததில்லை. நன்றாக இருந்ததை நன்று என்றும், இல்லாததை இல்லை என்றும் சொல்வது கேட்டவனின் கடமை. அதுவும் ஆராதனையில் சேர்ந்ததுதான் என்பது அவர்கள் எண்ணம். மிஷன் பள்ளியில் தையலும், வீட்டில் இந்தப் பழக்கமும் கற்றுக்கொண்டு சுகிர்தபாய் ஜெயதாசுக்கு வாழ்க்கைப்பட்டுப் பாறசாலைக்குத் தெற்கே வந்து சேர்ந்தார்.

படம் பார்ப்பது சபையாருக்கு ஆகாத காரியமாக இருந்த காலம் அது. அவரைக் கொட்டகைக்குள் கொண்டுபோனது அவருடைய ஊசி. நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த பொன்னப்பன் என்பவர், தன் மகளின் பெயரில் ‘ஸ்ரீகுமாரி டாக்கீஸ்’ என்றொரு கூடாரக் கொட்டகையைச் சுகிர்தபாயின் ஊரில் ஒரு வெற்று விளைநிலத்தில் போட்டிருந்தார். ஆடிக்காற்று அவருடைய வெள்ளைத்திரையை நடுவாகக் கிழித்துவிட்டது. சுகிர்தபாய் அதைத் தைத்துக் கொடுத்தார். கூலிக்குப் பதிலாகப் பெண்கள் பக்கத்தில், ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் இடுப்புயரத் தட்டியை ஒட்டி ஒரு பெஞ்சில் அவருக்கு நிரந்தர இடம் கிடைத்தது. போதகருக்குச் செய்தி போனபோது, “திரையில தையல் பிரியுதான்னு பாக்கப் போறேன் அய்யா” என்றார். போதகர் நல்ல மனிதர். அதற்கு மேல் கேட்கவில்லை.

கொட்டகையில் ஒரே ஒரு இயந்திரம். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் பெண்கள் எல்லோரும் பெஞ்சின் பக்கம் திரும்புவார்கள். அடுத்த வீட்டு ரத்னபாய்தான் எப்போதும் கேட்பாள்: “எட்டி சுகிர்தம், எப்படி?”

சுகிர்தபாயிடம் இரண்டு சொற்கள் இருந்தன. படம் நன்றாயிருந்தால் கொள்ளாம், இல்லாவிட்டால் கொள்ளாது. காரணம் பின்னால் வரும். தட்டிக்கு அந்தப் பக்கத்தில் ஆண்கள் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காதைக் கொடுப்பார்கள்.

‘நாகமணி மகாத்மியம்’ வந்தபோது ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். திரைக்கு முன்னால் சூடம் கொளுத்தினார்கள். சுகிர்தபாய் தயங்காமல் சொன்னார். “கொள்ளாது. பாம்பு நல்லா நடிச்சிருக்கு. மத்தவியளுக்கு அது கடிச்ச பெறவும் முகத்துல ஒரு மாற்றமும் இல்ல.”

‘தாய் சிந்திய கண்ணீர்’ ஒரு மாதம் ஓடியது. முந்தானை நனையாத பெண் இல்லை. சுகிர்தபாயும் அழுதார், மூக்கைத் துடைத்துக்கொண்டே கொள்ளாது என்றார். ரத்னபாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “அழுத கண்ணு இன்னும் காயல்ல, அதுக்குள்ள குத்தமா?”

“வெங்காயம் உரிச்சாலும் கண்ணீரு வரும் பிள்ளே. அதுக்காவ அது கறி ஆயிருமா?”

இதைக் கேட்டு, பெரிய படமென்றாலே அவருக்குப் பிடிக்காது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஊரெல்லாம் சிரித்த, படித்தவர்கள் முகம் சுளித்த ‘மாப்பிள்ளை மாறாட்டம்’ அவருக்கு உயிர். திரும்பத் திரும்பப் போனார். “அழவைக்க ஒரு சாவு போதும். சிரிக்க வைக்கதுக்குப் புத்தி வேணும்” என்பது அவர் வாதம். அதேபோல, யாரும் பேர்கூடக் கேட்டிராத ‘ஒற்றைமாட்டு வண்டி’ என்ற படம் வந்து, கோடு கோடாக மழை பெய்கிற பழைய பிரதியில் காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் ஓடியபோது, அதைத் தூக்கி நிறுத்தியவரும் அவர்தான். “பாட்டு கேக்க முடியாது. கதாநாயகன் ஆடுனா மரச்சீனிக் கம்பு ஆடுன மாதிரி. ஆனா மாடு செத்த அன்னைக்கு அவன் அழல்ல. அதுக்க கழுத்துமணியக் கழுவி வெயில்ல வச்சான். கொள்ளாம்.” அந்த மணிக்காகவே மறுநாள் திருப்புறத்திலிருந்து வண்டிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். பொன்னப்பன் அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பெஞ்சைத் தானே துடைத்து வைத்தார்.

இனிச் சொல்லவேண்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநான்காம் ஆண்டின் கதை.

மலையாள மாநிலத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் உச்சத்துக்குப் போன ஆண்டு அது. துப்பாக்கிச் சூடு நடந்தது. வீட்டுக்கொருவர் என்று சொல்லத்தக்க அளவில் ஆட்கள் பிடிபட்டார்கள். கடைசியில் எல்லைக்கோடு எங்கே விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்; அப்போது தெரியாது. ஜெயதாசின் வலது தோளில் தடியடியின் வீக்கம் பல மாதம் இருந்தது. ஊர்வலத்துக்கு வேண்டிய கொடிகள் எல்லாம் சுகிர்தபாயின் தையல் எந்திரத்தில் கூலியில்லாமல் தைக்கப்பட்டவை. அந்த வீட்டுக்கு மொழிப்பற்றை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆண்டுதான் ‘வாளேந்திய வேந்தன்’ வந்தது. தமிழின் பெருமையைக் கதாநாயகன் ரீலுக்கு ஒரு முறை முழங்குவான். இளைஞர்கள் விசிலடித்துக் கொட்டகைக் கூரையைப் பறக்கவைத்தார்கள். முதல் நாள் மூன்றாவது ரீல் முடிந்து விளக்கு வந்தபோது ரத்னபாய் வழக்கம்போலக் கேட்டாள். சுகிர்தபாய் வழக்கம்போலச் சொன்னார்.

“கொள்ளாது. தமிழு நல்ல தமிழாக்கும், குத்தம் சொல்லப்பிடாது. சொல்லுகவன்தான் நெஞ்சுல கைய வச்சிருக்கான், நெஞ்ச வைக்கல்ல. பின்ன, சண்டைய பாருங்க. இவன் வாளு படுகதுக்கு முன்னயே எதிராளி விழுந்து குடுக்கான். இவனுக்கு என்னத்துக்கு வாளு?”

பெண்கள் சிரித்தார்கள். தட்டிக்கு அப்பாலும் சிரிப்புக் கேட்டது. அதன் பின் ஒவ்வொரு வாள்சண்டையிலும் எதிராளி விழுமுன்பே யாராவது ஒருவன் “விழுலே!” என்று கத்தினான். படம் அந்த வாரமே பெட்டிக்குள் போய்விட்டது.

சுகிர்தபாயின் மனத்தில் அப்போது இருந்தது வேறு படம். தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகத் திருவனந்தபுரம் போயிருந்தபோது, ஒரு மாலை ஆளில்லாத அரங்கு ஒன்றில் அவர் ‘அக்கரெ விளக்கு’ என்ற மலையாளப் படத்தைப் பார்த்தார். பெரிய நடிகர் யாரும் இல்லை. கொழும்புக்குப் பிழைக்கப் போனவன் வருடக்கணக்கில் காணாமலிருந்து ஒருநாள் திரும்பி வருகிறான், அவ்வளவுதான் கதை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து சுகிர்தபாய் அளவெடுக்கும் ஒவ்வொருத்தியிடமும் அதைப் பற்றியே பேசினார். “இந்தக் கொட்டகையில இதுக்கு முன்ன ஓடுனதெல்லாம் ஒரு தட்டு, இது ஒரு தட்டு” என்றார். அவர் பேச்சை நம்பிப் பொன்னப்பன் கிறிஸ்துமசுக்கு முந்திய வாரத்துக்கு அந்தப் படத்தைப் பேசிவைத்தார்.

அப்போதுதான் சத்தியராஜ் வந்தான்.

சத்தியராஜ் ஊர்ப் போராட்டக் குழுவின் செயலாளர். இருபத்தைந்து வயதுக்குள் இரண்டு முறை சிறைக்குப் போய் வந்தவன். சுகிர்தபாயை அக்கா என்று அழைத்து அவர் வீட்டில் உரிமையோடு சோறு கேட்கிறவன். அன்றைக்குத் தின்பண்டம் எதையும் தொடாமல் நின்றுகொண்டே பேசினான்.

“அக்கா, செயில்ல கெடக்கவனுகளுக்க வீட்டுல கிறிஸ்மஸ் வருது. அவிய பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும். ‘வாளேந்திய வேந்தன்’ ஒரு நாளு திரும்பவும் ஓட்டுகோம். வரவு பூராவும் அவியளுக்கு. பொன்னப்பன் சம்மதிச்சாச்சு.”

“நல்ல காரியம் மக்கா. நான் டிக்கெட் எடுத்து வாறேன். ரத்னத்தையும் இழுத்துட்டு வாறேன்.”

“டிக்கெட் வேண்டாம் அக்கா. உங்க வாயி வேணும். அந்தப் படம் கொள்ளாம்னு ஒரு வார்த்த சொல்லணும். நீங்க கொள்ளாதுன்னதுனாலயாக்கும் அன்னைக்குக் கொட்டகை காலியாச்சு.”

சுகிர்தபாய் தையல் எந்திரத்திலிருந்து காலை எடுத்தார். “காரியம் நல்லதுன்னு ஆயிரம் பேருட்ட சொல்லுவேன். படம் கொள்ளாம்னு சொல்ல மாட்டேன்.”

“பின்ன ஒண்ணு. மறுநாளு ஓடப்போற மலையாளப் படம். இந்த நேரத்துல அது இஞ்ச ஓடப்பிடாது. கமிட்டி முடிவு.”

“கமிட்டி அந்தப் படத்தக் கண்டாச்சா?”

“காணாண்டாம். பாஷ தெரிஞ்சா போதும்.”

“எலே சத்தியராஜா, நீ பொன்னப்பன்ட்ட இந்தக் காரியத்த எந்தப் பாஷையில பேசுன?”

சத்தியராஜின் காது சிவந்தது. பொன்னப்பனிடம் அவன் மலையாளத்தில்தான் பேசியிருந்தான்; அங்கே எல்லோரும் அப்படித்தான். ஆனால் சிறைக்குப் போய் வந்த ஒருவனைச் சிரித்து மடக்கிவிட முடியாது. “தமாசு வேண்டாம் அக்கா. தமிழ்ப் படத்த தாழ்த்தி, மலையாளப் படத்த ஒசத்திப் பேசுகவியளுக்கு எங்க ஆளுகள் துணி தைக்கக் குடுக்க மாட்டா. இனிமே கொட்டகையில நீங்க பேசவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாளிலிருந்து துணிகள் திரும்பிப் போகத் தொடங்கின. கிறிஸ்துமஸ் தையல்தான் அந்த வீட்டின் அரை வருட வரும்படி. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து, வெட்டாத துணியை மடித்து வாங்கிப் போனார்கள். ஒருத்தி வெட்டிய துணியையும் கேட்டாள். ஜெயதாஸ் தோளில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“எட்டி, ஒரு கொள்ளாம்தானே? சொன்னா என்ன கொறஞ்சு போவும்?”

“கொறையாது. ஆனா, பெறவு நான் சொல்லுக ஒவ்வொரு கொள்ளாமையும் ஆளுகள் திருப்பிப் போட்டுப் பாப்பா, இது நெசமா, கமிட்டி சொன்னதான்னு.”

ஜெயதாஸ் தைலக் குப்பியை மூடிவைத்தார். “அப்பம் சொல்லாத. நான் பாத்துக்கிடுதேன்” என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் சொன்னது சுகிர்தபாய்க்குப் பெரிய பலமாக இருந்தது.

உதவிக் காட்சி நடந்த மாலையில் கொட்டகை நிரம்பி வழிந்தது. படத்துக்காக அல்ல, சிறையிலிருப்பவர்களுக்காக வந்த கூட்டம். சுகிர்தபாய் அந்த வாரமெல்லாம் வீடு வீடாகப் போய், “படத்த நெனச்சு வராதிய, பிள்ளைகள நெனச்சு வாங்க” என்று அழைத்திருந்தார். பொழியூரிலிருந்து வலைக்காரர்கள் மீன்வாடையோடு வந்து முன்வரிசை மணலில் உட்கார்ந்தார்கள். சுகிர்தபாய் டிக்கெட் எடுத்துக்கொண்டு தன் பெஞ்சில் அமர்ந்தார். பெண்கள் அவரை விட்டுச் சற்றுத் தள்ளியே இருந்தார்கள். ரத்னபாய் மட்டும் நெருங்கி உட்கார்ந்து, “எனக்குத் தைக்கக் குடுக்கத் துணியே இல்ல. என்னைய யாரு என்ன செய்வா?” என்றாள்.

அன்று காலைதான் இரண்டு படங்களின் பெட்டிகளும் திருவனந்தபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்திருந்தன. மலையாளப் படத்துக்கு முன்பணம் கட்டியிருந்ததால், கமிட்டி தடுத்தும் பொன்னப்பன் அதன் பெட்டியை நிறுத்தவில்லை. வழியில் போலீசார் பஸ்ஸை நிறுத்திப் போராட்டத் துண்டறிக்கைகளைத் தேடினார்கள். பார்சல் என்று கண்டதையெல்லாம் திறந்தார்கள். பிலிம் சுருள் வைக்கும் தகர டப்பாக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டி, ஒன்றும் கிடைக்காமல், அவசர அவசரமாக மூடிப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். எந்த மூடி எந்தத் தகரத்துக்கு என்று அவர்கள் பார்க்கவில்லை. கொட்டகையில் இயந்திரம் ஓட்டுகிற தங்கப்பன் மூடியில் எழுதியிருந்த பெயரையும் எண்ணையும் பார்த்து ரீல்களை வரிசையாக அடுக்கிவைத்தார். அவர்மேல் குற்றமில்லை.

முதல் ரீல்கள் ஒழுங்காக ஓடின. வேந்தன் முழங்கினான்; இளைஞர்கள் கைதட்டினார்கள். விளக்கு வந்தபோதெல்லாம் பெண்கள் பழக்கத்தினால் பெஞ்சுப் பக்கம் திரும்பி, நினைவு வந்து, மறுபடி திரும்பிக்கொண்டார்கள். சுகிர்தபாய் வாயைத் திறக்கவில்லை. படத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லாததால், உதவிக் காட்சியன்று சும்மா இருப்பதே மரியாதை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

வேந்தன் எதிரியின் கோட்டை மதில்மேல் கால் வைத்தான். ரீல் முடிந்தது. தங்கப்பன் அடுத்ததை மாட்டினார். விளக்கு அணைந்தது.

திரையில் ஒரு கூரை வீடு வந்தது. அடுப்பங்கரை. ஒருத்தி தரையில் குனிந்து ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றுகிறாள். எதிரே, தோளில் துண்டோடு, நரை விழுந்த ஓர் ஆள் சம்மணமிட்டு இருக்கிறான்.

சுகிர்தபாய் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். அது ‘அக்கரெ விளக்கு.’

கொட்டகைக்கு எதுவும் புரியவில்லை. கோட்டை எங்கே என்று ஒருவன் கேட்டான். இது வேந்தனின் தாய்வீடாக இருக்கும், பழைய கதை சொல்கிறார்கள் என்று இன்னொருவன் விளக்கினான். திரையில் யாரும் பேசவில்லை. அவள் கிண்ணத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள். காணாமற்போன வருடங்கள் எல்லாம் அந்தக் கிண்ணத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தன. கொழும்புக்கு ஆள் போகாத வீடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. பெண்கள் பக்கத்தில் முதலில் அசைவு நின்றது.

அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு?” என்றான்.

“உண்டு” என்றாள் அவள்.

இதுவரைக்கும் அது தமிழ்தான் என்றே எல்லோரும் இருந்தார்கள். பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நீண்ட வாக்கியம் பேசினான். ஐயத்துக்கு இடமில்லாத மலையாளம்.

“எலே, இது அந்தப் படம்!” பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். “சதி! சவம், பொன்னப்பன் பறஞ்சு வச்சுச் செய்யுதான்!” பெஞ்சுகள் சாய்ந்தன. சத்தியராஜ் எழுந்து தங்கப்பனின் இயந்திரக் கூண்டை நோக்கி நடந்தான். போகும்போது தட்டிக்கு மேலே சுகிர்தபாயைப் பார்த்தான். “இதும் உங்க வேலையா அக்கா?”

படம் நின்றால் அது தன் சூழ்ச்சி என்றே ஊர் காலமெல்லாம் சொல்லும் என்று சுகிர்தபாய்க்குத் தெரிந்தது. அவர் எழுந்து தட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“என் வேலையில்ல. எனக்கு ஒண்ணும் அறியாது. ஆனா சத்தியராஜா, கேளு. இந்த ஒரு ரீலு முடியட்டு. முடிஞ்சு விளக்கு வரும்ப இந்தக் கொட்டகையில இதே சத்தம் இருந்துதுன்னா, நான் இனிமே ஒரு படத்தப் பத்தியும் வாய் தொறக்க மாட்டேன். ஆலயத்துல சொல்லுகது போல சொல்லுகேன்.”

சத்தியராஜ் நின்றான். முன்வரிசை மணலில் இருந்து ஒரு வலைக்காரர் திரும்பிப் பார்த்து, “தம்பி, ஒண்ணுல இருக்கணும், இல்ல அந்தால போவணும். திரைய மறைக்காத” என்றார்.

அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

அந்த ரீல் ஓடியது. அவள் கஞ்சி ஊற்றிக்கொண்டேயிருந்தாள். அவன் மறுக்காமல் குடித்துக்கொண்டேயிருந்தான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டால் அவன் எழுந்து போய்விடுவானோ என்று அவளுக்குப் பயம். குடிப்பதை நிறுத்தினால் அவள் கேட்டுவிடுவாளோ என்று அவனுக்குப் பயம். பானை காலியாயிற்று. அவள் காலிப் பானைக்குள் அகப்பையைவிட்டு, வெறுமனே ஒரு முறை சுரண்டினாள். பொழியூர்க்காரர்களில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கடைசிப் பெஞ்சு வரை கேட்டது. ‘சதி’ என்று கத்தினவன் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்தவன் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து, “சும்மா இரிலே” என்று உட்காரவைத்தான்.

அவள் நிமிர்ந்தாள். அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

ரீல் முடிந்தது. தங்கப்பன் விளக்கைப் போட்டார்.

ஒரு சத்தமும் இல்லை. வெளியே கரண்டுக்காக வைத்திருந்த எஞ்சின் ஓடுவது மட்டும் கேட்டது. சுகிர்தபாய் தட்டியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. முன்வரிசை வலைக்காரர்தான் முதலில் எழுந்தார். நேராகத் தங்கப்பனைப் பார்த்துக் கேட்டார்:

“அவ என்னத்தக் கேட்டா? பாக்கி எங்க ஓய்?”

கொட்டகை முழுவதும் அதையே கேட்டது. தங்கப்பன் மூடிகளைத் திறந்து திறந்து பார்த்து, வேந்தனின் தொலைந்த ரீலைக் கண்டுபிடித்து மாட்டினார். கோட்டை மதில்மேல் கால் வைத்தவன் கீழே குதித்தான். “இறங்கிப் போலே, அந்தப் பெண்ணு என்னமோ சொல்லப்போறா” என்று யாரோ சொல்ல, இளைஞர்களே சிரித்துவிட்டார்கள். உதவிக் காட்சியின் வரவுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால், மீதிப் படத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் என்ன கேட்டிருப்பாள் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

காட்சி முடிந்து கூட்டம் பொன்னப்பனை வளைத்துக்கொண்டிருந்தபோது, சத்தியராஜ் சுகிர்தபாயிடம் வந்தான். முதலில் வேட்டி நுனியைச் சரிசெய்தான். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்:

“எங்க அப்பா கொழும்புலருந்து வந்த அன்னைக்கு எங்க அம்மையும் ஒண்ணும் கேக்கல்ல. மூணு தடவ சோறு போட்டா. எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் விளங்கல்ல அக்கா.”

ரத்னபாய்தான் சும்மா இருக்கமாட்டாமல், “கமிட்டி என்ன முடிவு பண்ணிச்சு? நாளைக்குப் பாக்கி உண்டா, இல்லியா?” என்றாள்.

“கமிட்டி நான்தானே” என்றான் சத்தியராஜ். “ஓடட்டு. வாசல்ல எங்க ஆளுகள் நிப்பா. ஒருத்தனும் கரைச்சல் பண்ண மாட்டான்.”

மறுநாள் வாசலில் போராட்டக் குழுவே நின்று வரிசையை ஒழுங்குபடுத்தியது. கொட்டகைக்குள் இடமில்லாமல் பொன்னப்பன் பின்பக்கத் தட்டியைக் கழற்றினார். அதற்கு முன்பே, காலையில், தையல் வீட்டின் முன்னால் பெண்கள் துணியோடு வந்துவிட்டார்கள். வெட்டிய துணியைத் திரும்ப வாங்கிப் போனவளும் வந்தாள். வேறு யாரிடமோ கொடுத்து ஒரு கையை மட்டும் நீளமாகத் தைத்து வாங்கியிருந்தாள். சுகிர்தபாய் அதைப் பிரித்து மறுபடி தைத்தார். ஜெயதாஸ்தான் “நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேனில்லா” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ‘அக்கரெ விளக்கு’ முழுதும் ஓடியது. ஒவ்வொரு ரீல் இடைவெளியிலும் கொட்டகை அடுத்த ரீலுக்காகக் காத்திருந்தது. கடைசியில், திரும்பி வந்தவன் தோணித்துறையில் மனைவியின் காலடியில் அமர்ந்து மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட பாட்டுப் பாட, அவள் விளக்கை ஏந்தி நிற்க, படம் முடிந்தது. விளக்குகள் எரிந்தன. ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லா முகங்களும், ஆண்கள் பக்கத்து முகங்களும் மறைக்காமல், அந்தப் பெஞ்சின் பக்கம் திரும்பின. இந்தப் படத்தைக் கொண்டுவந்தவரின் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வருவதற்காக ஊர் காத்திருந்தது.

சுகிர்தபாய் எழுந்து சேலையை உதறினார்.

“கடைசி ரீலு கொள்ளாது” என்றார்.

தங்கள் காதையே யாராலும் நம்ப முடியவில்லை. பிறகு சத்தியராஜ் ஆண்கள் பக்கத்திலிருந்து தட்டிக்கு மேலே பாய்ந்தான். “என்னக்கா இது! கடைசி ரீல்லதானே அவன் மன்னிப்புக் கேக்குதான்! அது இல்லாம படம் எங்க இருக்கு?”

“காலிப் பானையச் சொரண்டுன எடத்துலயே எல்லாம் தீந்தாச்சு மக்கா. பெறவு என்னத்துக்குப் பாட்டு? மன்னிப்ப ராகம் போட்டுக் கேட்டா எந்தப் பெண்டாட்டி நம்புவா?”

“நான் நம்புவேன்!” என்றாள் ரத்னபாய்.

“உனக்க ஆளு ஒரு நாளும் கேட்டதில்ல. அதனால நீ நம்புவ.”

பெண்கள் பக்கம் சிரிப்பில் குலுங்கியது. வலைக்காரர் எழுந்து, மன்னிப்பு கேட்கத்தான் வேண்டும், ஆனால் பாடவேண்டாம் என்று மூன்றாவது கட்சி தொடங்கினார். சத்தியராஜ் கையை வீசி, வேந்தனைவிடச் சூடாக, அந்தக் கடைசிப் பாட்டுக்காக வாதாடினான். மலையாளப் பாட்டின் அடிகளைப் பிசகாமல் சொல்லி மேற்கோள் காட்டினான். சுகிர்தபாய் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். யாரும் அவரைப் பேசவேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுவதை நிறுத்தவும் விடவில்லை.

பொன்னப்பன் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். “சேச்சி, ஒண்ணு எறங்கித் தரணும். வெளிய அடுத்த ஷோவுக்கு ஆளு நிக்கியாணு!”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே நின்றவர்களோ பின்பக்கம் கழற்றிய தட்டி வழியாகத் தலையை நீட்டி, தாங்கள் இன்னும் பார்க்காத படத்தின் கடைசி ரீலைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து வழக்காடத் தொடங்கியிருந்தார்கள்.